அடிக்குறிப்புக்குப் பின்னால் நிற்பவர்கள்

2001ஆம் ஆண்டு, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதன் இருபதாவது ஆண்டு நினைவாக, அப்போது நான் பணியாற்றிய பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினேன். உணர்ச்சி மிகுந்த கட்டுரை. 'யாழ்ப்பாண வைபவமாலையின் உலகிலிருந்த ஒரேயொரு பிரதி அன்றிரவு சாம்பலானது' என்றொரு வசனம் அதில் இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த வசனம் அதுதான். வாசகர் பலர் அதைக் குறிப்பிட்டே பாராட்டினார்கள்.

பாராட்டாதவர் ஒருவர் இருந்தார். பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர். என் மாணவப் பருவத்தில் எனக்குப் பெரிதும் உதவியவர். பெயரை வெளியிடுவதை அவர் விரும்பமாட்டார். அவருடைய வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, கத்தரித்து வைத்திருந்த என் கட்டுரையை எடுத்து நீட்டினார். அந்த வசனத்தின் கீழே பென்சிலால் ஒரு கோடு.

"தம்பி, இதை எங்கையிருந்து எடுத்தனீர்?"

எல்லோரும் சொல்வதுதானே ஐயா என்றேன். அவர் சிரிக்கவில்லை. மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் எழுதிய வைபவமாலை 19ஆம் நூற்றாண்டிலேயே அச்சேறிவிட்டதையும், கிறிஸ்தோபர் பிரிட்டோ அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1879இல் வெளியிட்டதையும், பின்னர் குல. சபாநாதன் அதற்கு நல்லதொரு பதிப்பைக் கொண்டுவந்ததையும் நிதானமாக எடுத்துச் சொன்னார். நூலகத்தில் அதன் ஏட்டுப் பிரதி இருந்து எரிந்திருக்கலாம். ஓர் ஏடு எரிந்தால் அதிலிருந்த பாடபேதங்கள் அழியும். அது சிறிய இழப்பன்று. ஆனால் நூல் அழியவில்லை. "எரிஞ்சது காணும் தம்பி. எரியாததையும் நீர் எரிக்க வேண்டாம்" என்றார்.

அந்தத் தவறு இன்றுவரை கட்டுரைகளிலும் மேடைகளிலும் உலவிக்கொண்டிருக்கிறது. அதற்கு என்னாலான பங்கை நானும் செய்திருக்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். அந்த நூலகத்தை எரித்தவர்களின் குற்றம் மிகைப்படுத்தலால் பெரிதாவதில்லை. மாறாக, நாம் சொல்லும் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டி முழு உண்மையையும் ஐயுற வைக்க அது மற்றவருக்கு வழி செய்கிறது.

உண்மையில் நடந்தவற்றையே சொன்னால் போதும். நீதிமன்ற உத்தியோகத்தரான க. மு. செல்லப்பா 1933இல் தம் வீட்டில் நூல்களைச் சேர்த்து இரவல் கொடுக்கத் தொடங்கினார். 1934 ஆகஸ்ட் 1ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் 844 நூல்களோடும் ஏறத்தாழ முப்பது செய்தித்தாள், சஞ்சிகைகளோடும் நூலகம் திறக்கப்பட்டது. பின்னர் நகரசபை அதனைப் பொறுப்பேற்றது. புதிய கட்டடத்துக்கு 1954இல் அடிக்கல் நாட்டினார்கள். சென்னையின் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் தந்தார். சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்து உலகப் புகழ் பெற்ற எஸ். ஆர். இரங்கநாதன் அமைப்பு முறைக்கு ஆலோசனை வழங்கினார். 1959 ஒக்டோபரில் கட்டடம் திறக்கப்பட்டது. 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய வன்செயலில் அது எரிந்தபோது அங்கு ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. ஆனந்த குமாரசுவாமி, ஐசாக் தம்பையா போன்றோரின் சேகரிப்புகளும் அவற்றோடு போயின. அந்த நாட்களிலேயே ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் தீக்கிரையாயின. எழுதும் இடம், விற்கும் இடம், காக்கும் இடம் மூன்றும். பன்மொழிப் புலவரான தாவீது அடிகளார் நூலகம் எரிவதைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்நீத்தார் என்பதை யாழ்ப்பாணம் மறக்கவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. நூலகம் என்றால் புத்தகங்கள் உள்ள கட்டடம் என்றே நினைத்திருந்தேன். நூலகர் என்றொருவர் உண்டு, அவருக்கும் ஒரு நூல் எழுதப்படுவதற்கும் தொடர்பு உண்டு என்பது பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகே விளங்கியது.

யாழ்ப்பாண வளாகம் 1974இல் தொடங்கப்பட்டபோது, சேர் பொன். இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் திருநெல்வேலி வளவே அதன் இருப்பிடமாயிற்று. வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரிப் பிரிவும் அதனுடன் இணைந்தது. முதல் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. அவர் முன்னர் தினகரன் ஆசிரியராயிருந்தவர் என்பதைப் பத்திரிகைக்காரர்கள் நாங்கள் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்வதுண்டு. ஆய்வு நிறுவனமொன்று புதிதாக எழும்போது அதற்குப் பேராசிரியர்களைத் தேடிவிடலாம். நூலகத்தை ஒரே நாளில் தேடிவிட முடியாது. தொடக்க ஆண்டுகளில் பொது நூலகமும் ஆய்வாளர்களுக்குத் துணைநின்றது. 1981இல் அந்தத் துணை போனபின் முழுச் சுமையும் திருநெல்வேலியின் மேல் விழுந்தது.

நான் அங்கு கலைப்பீட மாணவனாயிருந்தது தொண்ணூறுகளின் முற்பகுதி. பொருளாதாரத் தடைக் காலம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் பொன்னுக்குச் சமம். ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெய் விட்டுத் திரி போட்டு எரிக்கும் விளக்கில்தான் ஒரு தலைமுறையே படித்தது. கடதாசிக்குத் தட்டுப்பாடு, பத்திரிகைகள் அப்பியாசக் கொப்பித் தாளிலும் வெளிவந்த காலம். போட்டோப் பிரதி எடுக்க வழியில்லை. நூலகத்தில் கண்டதைக் கையால் எழுதித்தான் எடுத்துச் செல்ல வேண்டும். கடைசி வெளிச்சம் இருக்கும் வரை யன்னலோர மேசைகளுக்குப் போட்டி நடக்கும்.

என் இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரை 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணப் பத்திரிகைகள் பற்றியது. 1841இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய உதயதாரகை, 1876இல் வந்த கத்தோலிக்கப் பாதுகாவலன், 1889இல் சைவர்கள் தொடங்கிய இந்துசாதனம் ஆகிய மூன்றையும் ஒப்பிடுவதென்று பெருமிதத்தோடு திட்டமிட்டிருந்தேன். அதற்கென நான் வைத்திருந்தவை பிற்கால நூல்கள் நான்கைந்து மாத்திரமே. அவற்றில் எடுத்தாளப்பட்ட பகுதிகளை மூலப் பத்திரிகையிலிருந்து நானே எடுத்ததுபோல அடிக்குறிப்பிட்டு, முதல் அத்தியாயத்தை எழுதியும் முடித்திருந்தேன். மேலே சொன்ன நூலகரிடம் அதைக் காட்டியது பாராட்டை எதிர்பார்த்தே.

அவர் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டினார். கட்டுரையைப் பின்பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கும் மனிதரை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

"இந்தத் தாரகையை உம்முடைய கண்ணாலை பாத்தனீரோ?"

"இல்லை ஐயா."

"அப்ப பாத்தவர் எண்டு ஏன் எழுதியிருக்கிறீர்?"

அன்றே ஒரு துண்டுக் கடதாசியில் யாழ்ப்பாணக் கல்லூரி நூலகத்துக்கு நாலு வரி எழுதித் தந்தார். சைக்கிளில் வட்டுக்கோட்டைக்குப் போனேன். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியின் வழிவந்தது அந்தக் கல்லூரி. அதன் நூலகம் செமினரியின் முதல் அதிபர் டானியல் பூவர் பெயரில் இருக்கிறது. பழுப்பேறிய இதழ்களைப் புரட்டியபோது, நான் ஒரு நூலிலிருந்து பிரதி செய்த ஒரு மேற்கோளின் திகதி ஓராண்டு பிசகியிருப்பதைக் கண்டேன். அந்த நூலாசிரியரும் வேறொரு நூலிலிருந்து எடுத்திருக்க வேண்டும். பிழை மூன்று கை மாறி என் கைக்கு வந்திருந்தது.

அந்த ஆண்டு முழுவதும் அவர் எனக்குக் கற்பித்தவை சிறிய காரியங்கள். குறிப்பெடுக்கும் தாளின் தலையில் முதலில் நூல் விபரத்தை எழுது, பிறகு விடயத்தை எழுது. மேற்கோளும் உன் சொந்தக் கருத்தும் கலந்துவிடாதபடி வேறு வேறு மையில் எழுது. பதிப்பு ஆண்டையும் மறுபதிப்பு ஆண்டையும் குழப்பாதே. எந்த நூலகத்தில் எந்த எண்ணில் பார்த்தாய் என்று குறித்துவை. நாளை இன்னொருவன் தேடி வருவான். விரிவுரையாளர்கள் சொல்லாதவை அல்ல இவை. அவர்கள் ஒரு தடவை சொன்னார்கள். இவர் ஒவ்வொரு தாளிலும் பார்த்தார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் அனைவரும் செம்மணி தாண்டிப் போனார்கள். என் குறிப்புக் கொப்பிகள் வீட்டோடு போயின. 1996இல் பல்கலைக்கழகம் மீண்டும் இயங்கத் தொடங்கிச் சில காலத்தின் பின், நூலகத்துக்கெனக் கொடுத்திருந்த என் ஆய்வுக் கட்டுரைப் பிரதி அதன் இடத்தில் அப்படியே இருப்பதாக அவர் சொல்லியனுப்பினார். என்னிடம் இருந்த பிரதி தொலைந்துவிட்டது. இன்றும் எனக்கு அது தேவைப்பட்டால் அங்குதான் போய் வாசிக்க வேண்டும்.

ஆய்வு எழுத்துக்கு நூலகர் செய்யும் பேருதவி நூற்பட்டியல்தான் என்பது என் எண்ணம். ஒரு பொருளில் முன்னர் யார் எதை எழுதினார் என்று தெரியாமல் எழுதுகிறவர் ஒன்றில் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார், அல்லது தாமே முதன்முதலாகச் சொல்வதாக நினைத்துக்கொள்கிறார். தமிழில் இந்த வேலையை 1865இல் பெரிய அளவில் தொடங்கிவைத்தவர் ஜோன் மேர்டொக் என்ற ஸ்கொட்லாந்து மிஷனரி. அச்சான தமிழ் நூல்களை வகைப்படுத்திப் பட்டியலிட்டார். நூறாண்டு கழித்து, ஊர்காவற்றுறைக் கரம்பொனில் பிறந்த தனிநாயகம் அடிகளார் தமிழியல் ஆய்வு நூல்களுக்கான வழிகாட்டியை 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மூலம் வெளியிட்டார். அதே ஆண்டில்தான் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடும் நடந்தது. மாநாட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்தப் பட்டியலைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

ஈழத்து நூல்களுக்கென முழுவாழ்வையும் கொடுத்தவர் என். செல்வராஜா. சுன்னாகம் இராமநாதன் கல்லூரியிலும், வரலாற்றாய்வாளர் ஜேம்ஸ் ரி. இரத்தினத்தின் சேகரிப்பைக் கொண்ட ஈவ்லின் இரத்தினம் நிறுவகத்திலும் நூலகராயிருந்தவர். எண்பதுகளில் 'நூலகவியல்' என்ற காலாண்டிதழைத் தமிழில் நடத்தியவர். பிரித்தானியாவுக்குப் புலம்பெயர்ந்த பின், 2002இல் 'நூல்தேட்டம்' முதல் தொகுதியை வெளியிட்டார். தொகுதி ஒன்றுக்கு ஆயிரம் நூல்கள். ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர், வெளியீட்டாளர், அச்சகம், ஆண்டு, பக்கம், விலை, அளவு, உள்ளடக்கம் பற்றிய சிறு குறிப்பு. பத்துத் தொகுதிகளைத் தாண்டிவிட்டார். பத்தாயிரம் நூல்களையும் ஒருவர் கையில் எடுத்துப் புரட்டிக் குறிப்பெழுதுவதென்றால் எத்தனை வீட்டுப் படலைகளைத் தட்டியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே கிடந்த நூல்களும் அதில் உண்டு.

பட்டியலிடுவது வெறும் எழுதுவினைஞர் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நமது பெயர்களை ஒழுங்குபடுத்துவதே ஒரு கலை. குடும்பப் பெயரில்லாத சமூகம் நாம். தந்தை பெயரின் முதலெழுத்து ஒருவருக்கு முன்னால் வரும். வெளிநாடு போன மகனுக்கு அதே தந்தை பெயர் பின்னால் நீண்டு நிற்கும். பலர் ஊரைப் பெயரோடு சேர்ப்பார்கள். சிலர் பெயரையே விட்டுவிட்டுப் புனைபெயரில் வாழ்வார்கள். 'மஹாகவி' என்று தேடுபவருக்கு அவர் து. உருத்திரமூர்த்தி என்று சொல்ல ஒருவர் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே மனிதர் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ஆசிரியராகிவிடுகிறார். இன்று சர்வதேச ஆய்விதழ்த் தரவுத்தளங்களில் நம்மவர் பலருடைய கட்டுரைகள் சிதறிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தூவியின் தசாம்சப் பகுப்பு முறையில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811 என்ற எண்ணுக்குள் ஒடுங்கவேண்டியிருக்கிறது. ஈராயிரம் ஆண்டு இலக்கியத்துக்குப் புள்ளிக்குப் பின்னால் ஓரிடம். கூத்துப் பிரதியொன்றை நாடகத்தில் வைப்பதா, நாட்டாரியலில் வைப்பதா, சமயத்தில் வைப்பதா என்று நூலகர் தீர்மானிக்கும்போது, பின்னால் வரும் ஆய்வாளர் எந்த இறாக்கையில் அதைக் காண்பார், எந்த நூல்களோடு சேர்த்துக் காண்பார் என்பதும் தீர்மானமாகிறது.

எங்கள் ஊர்க் 'கல்வெட்டு' பற்றியும் சொல்ல வேண்டும். தமிழக வாசகர்கள் கல்லில் வெட்டியது என்று நினைத்துவிடுவார்கள். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் கிரியையின்போது உறவினர் அச்சிட்டு வழங்கும் நினைவு மலருக்கு யாழ்ப்பாணத்தில் அதுவே பெயர். இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, தேவாரம், புலம்பற் பாக்கள், சில வேளைகளில் ஊரின் வரலாறு. விற்பனைக்கு வராதவை என்பதால் எந்தப் புத்தகக் கடையிலும் கிடையா. பலர் வாங்கிக்கொண்டு போய் எங்காவது வைத்துவிடுவார்கள். ஆனால் மலாயாவுக்கு எழுதுவினைஞராகப் போன தலைமுறை பற்றியோ, ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் தோற்றம் பற்றியோ ஆராய்பவருக்கு அதைவிடச் சிறந்த சான்று அரிது. இவற்றையும் நூலுக்குரிய மதிப்போடு பேணலாம் என்பதை உணர்ந்தவர்கள் நூலகர்களும் ஆவணக்காரர்களுமே. குரும்பசிட்டி இரா. கனகரத்தினம் பத்திரிகை நறுக்குகளையும் துண்டுப் பிரசுரங்களையும்கூடச் சேர்த்து நுண்படச் சுருள்களில் பதிந்து வைத்தார். 2005இல் இளைஞர் சிலர் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் பல்லாயிரக்கணக்கான ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் வருடி இணையத்தில் இலவசமாகத் தந்துகொண்டிருக்கிறது. நோர்வேயிலிருந்தோ மெல்பேர்ணிலிருந்தோ ஆய்வு செய்யும் ஒரு பிள்ளை யாழ்ப்பாணத்து 1950களின் சஞ்சிகையொன்றைப் பக்க எண்ணோடு எடுத்தாள இதனால் முடிகிறது. நான் வட்டுக்கோட்டைக்குச் சைக்கிள் மிதித்ததை அந்தப் பிள்ளையிடம் சொன்னால் நம்பமாட்டாது.

இன்றைய பல்கலைக்கழக நூலகரின் வேலை வேறு திசைகளிலும் விரிந்துவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகம் ஆய்வுக் கட்டுரைகளுக்கென எண்ணிமக் களஞ்சியம் ஒன்றை நடத்துகிறது. இலங்கை ஆய்விதழ்கள் பல 2008இலிருந்து பொதுவானதோர் இணையத்தளத்தில் கிடைக்கின்றன. மேற்கோள் ஒழுங்கைக் கற்பிப்பதும், களவுப் பிரதியைக் கண்டறியும் மென்பொருளை இயக்குவதும், பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் போலி ஆய்விதழ்களைப் பற்றி இளம் விரிவுரையாளர்களை எச்சரிப்பதும் இன்று நூலகர்களின் கடமைகளாகிவிட்டன. நூலகராயிருந்த ஸ்ரீகாந்தலட்சுமி அருளானந்தம் நூலக, தகவல் அறிவியலைத் தமிழில் எழுதித் துறைக்கே சொற்களைத் தந்தவர். இலங்கையில் பல்கலைக்கழக நூலகர்கள் கல்விசார் ஊழியர்களே. சிரேஷ்ட உதவி நூலகர் பதவிக்கு ஆய்வுத் தகைமையும் வேண்டும். ஆயினும் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர் என்ற நினைப்பு நம்மிடையே போகவில்லை. நூல்களின் நன்றியுரையைப் பாருங்கள். வாழ்த்துரை வழங்கியவர், அட்டைப்படம் வரைந்தவர், அச்சகத்தார், துணைவியார் எல்லோரும் வந்த பிறகு, இடம் மிஞ்சினால், 'நூலக ஊழியர்களுக்கும்' என்று பன்மையில் ஒரு சொல். பெயர் இராது. என் முதல் நூலிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரு கவலை உண்டு. களஞ்சியங்களும் தரவுத்தளங்களும் ஆங்கிலத்தை மையமாகக் கொண்டு அமைந்தவை. தமிழில் எழுதிய நல்ல ஆய்வுக் கட்டுரைக்கு ஆங்கிலச் சுருக்கமும் திறவுச் சொற்களும் இல்லாவிட்டால் அது இருந்தும் இல்லாததாகிவிடுகிறது. பதவி உயர்வுக்குப் புள்ளி தேவைப்படும் விரிவுரையாளர் தமிழை விட்டு ஆங்கிலத்துக்குப் போகிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. கட்டுரையைத் தமிழிலேயே எழுதுங்கள், அது உலகத்தின் கண்ணில் படுவதற்கு வேண்டிய விபரங்களை நாங்கள் சேர்த்துத் தருகிறோம் என்று சொல்லக்கூடியவர் நூலகர் ஒருவரே. அப்படிச் சொல்லும் சிலரை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்கு ஆளணி போதாது.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வெளியான நூல்கள் பலவற்றுக்குச் சர்வதேசத் தராதர நூல் எண் கிடையாது. தேசிய நூலகத்துக்குப் பிரதி அனுப்பப் பாதையே இல்லாத காலம் அது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொப்பித் தாளில் அச்சான கவிதைத் தொகுதி, சனசமூக நிலையத்தின் ஆண்டு மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், உங்கள் பாட்டனாரின் கல்வெட்டு எதுவாயினும் வீட்டில் இருந்தால், தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் தெளிவாகப் படமெடுத்து, மொத்தப் பக்கங்களை எண்ணிக் குறித்து, உங்களுக்கு அறிமுகமான நூலகர் ஒருவருக்கோ நூலகம் நிறுவனத்துக்கோ அனுப்பிவையுங்கள். அச்சகத்தின் பெயரும் முகவரியும் பெரும்பாலும் கடைசி அட்டையின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். அதையும் விட்டுவிடாதீர்கள்.